ஊசி முனையில் ஒரு விண்கவசம்

(பத்தாம் வகுப்பு மாணவி, புன்னக்காயல்)

எங்கள் ஊர் தாமிரபரணி கடலோடு கலக்கும் இடத்தில் இருக்கிறது. அங்கிருந்து கடற்கரையோரமாகவே தெற்கே போனால் காயல்பட்டினம், திருச்செந்தூர், அதற்கும் அப்பால் குலசேகரன்பட்டினம். குலசை என்றாலே நம் பக்கத்தில் எல்லாருக்கும் நினைவுக்கு வருவது தசரா. காளியாகவும், அரசனாகவும், குறவன் குறத்தியாகவும் வேடம் கட்டிக்கொண்டு எத்தனை ஆயிரம் பேர்! வேடம் என்பது நம் வட்டாரத்துக்குப் புதிதன்று.

இப்போது குலசைக்கு இன்னொரு பெருமையும் சேர்ந்திருக்கிறது. 2024 பிப்ரவரி 28 அன்று அங்கே இஸ்ரோவின் புதிய ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கு நோக்கி ராக்கெட் விட்டால், அது இலங்கையின் மேல் பறந்துவிடாதபடி வளைத்துச் செலுத்த வேண்டியிருக்கிறது. அதில் எரிபொருள் செலவாகிறது. குலசைக்குத் தெற்கே திறந்த கடல், நேராகவே போகலாம். சிறிய ராக்கெட்டுக்கு இந்த மிச்சம் பெரிய மிச்சம்.

இதை வகுப்பில் சொல்லிக்கொடுத்த அறிவியல் ஆசிரியை, சனவரியில் நடந்த ஆண்டு விழாவிற்கு ஒரு நாடகமும் எழுதினார். 2075ஆம் ஆண்டில் குலசையிலிருந்து நான்கு பெண்கள் செவ்வாய்க் கிரகத்துக்குப் போகிறார்கள். (ஏவுதளம் அமைவது சிறிய செயற்கைக்கோள்களை அனுப்புவதற்கே, ஆள் போவது எங்கள் கற்பனை.) எனக்குத் தலைவி வேடம். புழுதிப் புயலையும் விண்கல் மழையையும் தாங்கும் கவசம் அணிந்து தலைவி மேடைக்கு வர வேண்டும். மூன்றாம் காட்சியில் மண்டியிட்டு, செவ்வாய் மண்ணிலிருந்து ஒரு கல்லை எடுக்க வேண்டும். எழுதுவதற்கு எளிது! வாடகைக்கு உடை கொடுக்கும் கடையில் விசாரித்தால் ராஜா உண்டு, பாரதியார் உண்டு, சம்மனசு உண்டு, போலீஸ்காரரும் உண்டு. செவ்வாய்க்குப் போகிறவர்களுக்கு ஒன்றும் இல்லை. "நானே செய்கிறேன், டீச்சர்" என்றேன்.

வீட்டில் அம்மா, "பத்தாங்கிளாஸ் பரீட்சை எழுதப் போறியா, பட்டாளத்துக்குப் போறியா?" என்று கேட்டார். பிறகு, இரவு ஒன்பது மணிக்குமேல் கவசத்தைத் தொடக் கூடாது என்ற நிபந்தனையோடு இசைந்தார்.

என் அம்மாவைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். அம்மா எட்டாம் வகுப்பு வரை படித்தவர். வீட்டுத் திண்ணையில் தையல் இயந்திரம் வைத்து, ஊரில் பாதிப் பேருக்கு ரவிக்கை தைத்துக் கொடுக்கிறார். ஆனால் பள்ளிப் படிவத்தில் "தாயின் தொழில்" என்ற இடத்தில் "இல்லை" என்றே எழுதச் சொல்வார். பெற்றோர் கூட்டத்துக்கு அப்பாதான் வருவார். அவர் கடலுக்குப் போயிருந்தால் ஆச்சி வருவார். ஆறாம் வகுப்பில் நான் சேர்ந்த நாள் முதல் அம்மா எங்கள் பள்ளி வாசலைத் தாண்டியதில்லை. "அங்க எல்லாரும் படிச்சவங்க" என்பார், அதற்குமேல் பேசமாட்டார்.

கவசத்துக்கு முதல் வேலை அளவு எடுப்பது. பழைய டி-சட்டையை எனக்கு அணிவித்து, அதன்மேல் பழுப்பு ஒட்டுத்தாளை இறுக்கமாகச் சுற்றினாள் தங்கை. பேனாவால் கோடு வரைந்து, கோட்டின் வழியே வெட்டி எடுத்தால் என் உடம்பின் வடிவம் துண்டு துண்டாகக் கையில் கிடைக்கும். ஆனால் அத்துண்டுகள் மேசைமேல் படியாமல் தூக்கிக்கொண்டு நின்றன. அம்மா எட்டிப் பார்த்தார். கத்தரியால் இரண்டு இடத்தில் கீறி, அழுத்திப் படியவைத்தார். கீறிய இடம் முக்கோணமாகப் பிளந்து நின்றது. "இதுதான் டக். தட்டையான துணிய உருண்டையாக்கணும்னா டக் பிடிக்கணும். ரவிக்கையானா என்ன, கவசமானா என்ன?" என்றார்.

நான் வாங்கியிருந்தது ஆறு மில்லிமீட்டர் கனமுள்ள ஃபோம் ஷீட். செருப்புக்கு அடிப்பாகம் வைப்பார்களே, அந்த இனம். அதிலும் முக்கோணத்தை வெட்டி எறிந்துவிட்டு, இரு விளிம்பிலும் ரப்பர் பசை தடவி, பசை கையில் ஒட்டாத அளவுக்குக் காய்ந்தபின் சேர்த்து அழுத்தினால், தட்டைப் பலகை தோள்போல் வளைந்துவிடுகிறது. மேலே துணியைப் போட்டு இஸ்திரிப் பெட்டியால் சூடு காட்டி, குடத்தின்மேல் வைத்து அழுத்திப் பிடித்தால், ஆறியதும் அந்த வளைவு அப்படியே நிற்கும். எங்கள் வீட்டுத் தண்ணீர்க் குடம்தான் என் மார்க்கவசத்துக்கு அச்சு. தெர்மாக்கோலில் செய்திருக்கலாமே என்று சில தோழியர் கேட்டனர். அந்தப் பசை தெர்மாக்கோலைத் தின்றுவிடும். உப்பு மழையில் கரைவதுபோல் கரைந்துபோகும்.

தலைக்கவசம் சித்தப்பாவின் கைவேலை. அவர் ஃபைபர் படகு பழுதுபார்ப்பவர். பெரிய பிளாஸ்டிக் உருண்டை ஒன்றில் மெழுகு பூசி, கண்ணாடியிழை மேட்டை ஒரே அடுக்காக வைத்து, ரெசினைப் பூசினார். ரெசினில் கேட்டலிஸ்ட் நூறில் ஒன்றோ இரண்டோ பங்குதான் சேர்ப்பது. கூடினால் கையில் இருக்கும்போதே சூடேறி இறுகிவிடும். என்னை அருகில் விடாமல், காற்றுக்கு எதிர்ப்பக்கம் நிறுத்தித்தான் காட்டினார். நெடி போக மூன்று நாள் வெயிலில் கிடந்தது. உள்ளே ஆச்சியின் நூல் சேலைத் துணி ஒட்டி, உச்சியில் மீன்கூடைக்கு வைக்கும் சும்மாட்டையே சிறிதாகச் சுருட்டித் தைத்தார் அம்மா. பாரம் ஒரே இடத்தில் அழுத்தாமல் இருக்க அதைவிடச் சிறந்த கருவி அமெரிக்காவிலும் இராது என்பது என் கருத்து.

மார்பில் எரியும் நீல விளக்கு மட்டும் முழுக்க என் பாடு. ஒன்பது வோல்ட் மின்கலம், நீல எல்.இ.டி.க்கு வேண்டியது மூன்று வோல்ட், மீதி ஆறு. இருபது மில்லி ஆம்பியருக்கு ஓம் விதிப்படி கணக்குப் போட்டால் 300 ஓம் வரும். கடையில் கிடைத்தது 330. பொதுத்தேர்வில் இந்தக் கணக்கு வந்தால் எனக்கு முழு மதிப்பெண்!

எல்லாத் துண்டுகளையும் முதன்முறையாக நாடாவால் கட்டிக்கொண்டு நின்ற அன்றுதான் உண்மையான கேள்வி எழுந்தது. நிற்கலாம், நடக்கலாம், பொம்மைபோல. கை மடங்கவில்லை, இடுப்பு குனியவில்லை. அம்மா என்னைச் சுற்றி வந்து பார்த்தார். "ஏளா, இது சட்டையில்ல, பெட்டி" என்றார். மண்டியிட்டால்தானே கல்லை எடுக்க முடியும்?

கவசம் அணிந்த எல்லாரும் பட்ட பாடு இதுவே என்று பிறகு படித்தறிந்தேன். 1977இல் வெளிவந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் தங்க நிற இயந்திர மனிதனாக நடித்த ஆண்டனி டேனியல்ஸ் அந்த உடையில் உட்கார முடியாமல் தவித்தார். முதல் நாள் படப்பிடிப்பிலேயே கால் துண்டு உடைந்து பாதத்தில் குத்திவிட்டது. அது சினிமா. 1965 மார்ச் 18 அன்று முதன்முதலாக விண்வெளியில் மிதந்த ரஷ்ய வீரர் லியோனோவின் உடை, உள்ளிருந்த காற்றால் பலூன்போல் உப்பி விறைத்துவிட்டது. காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றித்தான் அவர் கலத்துக்குள் திரும்பினார். ஆக, கவசத்தின் உயிர் மூட்டில் இருக்கிறது.

விடை எங்கள் ஊர்க் கரையிலேயே கிடந்தது. அப்பா சிங்கி இறால் ஒன்றைக் கையில் கொடுத்து, "இவன விடப் பெரிய கவசக்காரன் யாரு? வாலை மடக்கிப் பாரு" என்றார். வாலில் வளையம் வளையமாக ஓடு. மடக்கும்போது ஒவ்வொரு வளையமும் அடுத்ததன்மேல் வழுக்கி நகர்கிறது. இடையில் மெல்லிய தோல். ஐரோப்பாவில் இரும்புக் கவசம் செய்த கொல்லர்களும் தகடுகளை இப்படித்தான் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, உள்ளே தோல்வாரில் பிணைத்தார்கள். நான் ஃபோமை இரண்டு அங்குலப் பட்டைகளாக வெட்டினேன். அம்மா அவற்றை நாடாவில் வரிசையாகத் தைத்தார். முழங்கையின் வெளிப்பக்கம் பட்டை, உள்பக்கம் சுருக்கம் வைத்த கறுப்புத் துணி. இடுப்புக்கும் முழங்காலுக்கும் அதே முறை. மூன்று முறை பிரித்துத் தைத்தார். ஒன்பது மணி நிபந்தனையை முதலில் மீறியவர் அம்மாவே!

அந்த இரவுகளில் ஒருநாள் அம்மாவுக்கு நிலவுச் சட்டையின் கதையைச் சொன்னேன். 1969இல் ஆம்ஸ்ட்ராங் நிலவில் அணிந்த உடையைத் தைத்தது போர்க்கருவி செய்யும் நிறுவனமன்று. இன்டர்நேஷனல் லேடெக்ஸ் கார்ப்பரேஷன் என்ற அந்த நிறுவனம் பெண்களின் உள்ளாடைகளுக்குப் பேர்போனது. (சிஸ்டர் மன்னிக்க!) அங்கிருந்த தையற்பெண்கள் இருபத்தொரு அடுக்குகளைத் தைத்தார்கள். தையல் ஓர் அங்குலத்தில் அறுபத்து நான்கில் ஒரு பங்குக்கு மேல் விலகக் கூடாது. குண்டூசி ஒன்று உள்ளே தங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து என்பதால் எக்ஸ்-ரே எடுத்தும் பார்த்தார்கள்.

அம்மா வியந்து பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ ஊசியைக் கையில் பிடித்தபடி யோசித்தார். "குண்டூசிய எண்ணித்தான் குடுத்திருப்பாவ. இருபத்தோரு அடுக்குன்னா துணி நழுவுமே, அடியில என்ன வச்சுத் தச்சிருப்பாவ?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அது ஒரு தையல்காரர் இன்னொரு தையல்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி.

கொச்சிப் பக்கத்துச் சிஸ்டர் ஒருவர் எங்கள் பள்ளியில் இருக்கிறார்கள். கவசத்தைப் பற்றிக் கேட்டதும் தம் ஊரில் ஆடும் சவிட்டு நாடகத்தை நினைவுகூர்ந்தார்கள். கார்ல்மான் என்னும் சார்லமேன் மன்னன் கதை. பாட்டெல்லாம் தமிழ் கலந்தது. ஆட்டமோ பலகை மேடை அதிர ஓங்கி மிதித்து ஆடுவது. இரும்பை அணிந்துகொண்டு அப்படி ஆட முடியுமா? துணியில் மினுக்கு வைத்துத் தைத்த கவசம்தான் என்று சொல்லிச் சிரித்தார்கள்.

முடிந்த கவசத்தை அப்பாவின் மீன் தராசில் நிறுத்தோம்: மூன்றே முக்கால் கிலோ. அமெரிக்க விண்வெளி வீரர்கள் வெளியே மிதக்கும்போது அணியும் உடை பூமியில் ஏறத்தாழ 127 கிலோ!

இதைத் தனியாக அணிய முடியாது. பாதத்திலிருந்து தொடங்கி மேலே ஏற வேண்டும். முதுகில் பதினான்கு முடிச்சு. தங்கை கட்டினால் நாற்பது நிமிடம், அம்மா கட்டினால் பன்னிரண்டு. இரண்டாம் காட்சிக்கும் மூன்றாம் காட்சிக்கும் இடையே எனக்குக் கிடைப்பதோ கால் மணி நேரம். இதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. அவரே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். விழாவன்று காலையில், திருநாளுக்கு மட்டும் கட்டும் பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு, ஊசி நூல் பெட்டியுடன் பேருந்துக்கு நின்றார்.

ஆத்தூர் வரை கூட்டம். தலைக்கவசம் என் மடியில், மார்க்கவசம் அம்மா மடியில். "அந்த ஆளுக்கு டிக்கெட் யாரு எடுக்குறது?" என்று நடத்துநர் கேட்க, பேருந்தே சிரித்தது. பள்ளி வாசல் வந்ததும் அம்மா ஒரு கணம் நின்றார். பிறகு மார்க்கவசத்தை முன்னால் பிடித்துக்கொண்டு உள்ளே நடந்தார்.

நாடகத்தைப் பற்றி நீங்களே பார்த்தீர்கள். மண்டியிட்டேன், பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நழுவின, கல்லை எடுத்தேன். கைதட்டல் எழுந்தது. தலைக்கவசத்துக்குள் என் மூச்சுச் சத்தமே பெரிதாகக் கேட்டதால் முழுவதும் காதில் விழவில்லை.

முடிந்தபின் தலைமையாசிரியை அவர்கள் மேடைக்குப் பின்னால் வந்தார்கள். என் கையைத் தூக்கி, முழங்கையை மடக்கி நிமிர்த்திப் பார்த்து, "இந்தச் சுருக்கம் யார் வைத்தது?" என்று கேட்டார்கள். அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு மெல்லிய குரலில் தொடங்கினார். நாடாவை ஏன் குறுக்கே கொடுத்தார், நூலை ஏன் இரட்டையாகப் போட்டார் என்று சொல்லச் சொல்லக் குரல் உயர்ந்தது. சிஸ்டரும் இளமையில் தையல் கற்றவர்களாம். கைத்துண்டை உள்வெளியாகத் திருப்பி வைத்துக்கொண்டு இருவரும் கால் மணி நேரம் பேசினார்கள். நான் மற்றக் கையில் கவசத்தோடு வியர்த்து வழிந்துகொண்டு நின்றேன்.

கவசம் இப்போது பள்ளியின் பொருள். அடுத்த ஆண்டு தலைவியாக நடிக்கப்போகும் ஒன்பதாம் வகுப்பு மாணவி என்னைவிட உயரம், தோளும் அகலம். "இவளுக்குப் பத்தாதே" என்று ஆசிரியை கவலைப்பட்டார். சென்ற சனிக்கிழமை அம்மா பள்ளிக்கு வந்து இணைப்புகளைப் பிரித்துக் காட்டினார். "உள்ள ஒன்றரை இஞ்சு விட்டுத்தான் தச்சிருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே கழுத்தில் கிடந்த அளவு நாடாவை எடுத்து, அவளை நேராக நிற்கச் சொன்னார்.