பென்சில் ஆடிய ஆட்டம்

மட்டையில் பந்து படும் ஓசையைப் பென்சிலால் எழுப்பலாம் என்று எங்கோ படித்ததிலிருந்து, கைக்குக் கிடைத்த பென்சிலையெல்லாம் மேஜையில் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வீட்டில் பொறுத்துக்கொள்கிறார்கள். சாதாரணப் பள்ளிக்கூடப் பென்சிலுக்குத் தடுப்பாட்டம்தான் வருகிறது. கவர் டிரைவ் கேட்க நல்ல மரத்துண்டு வேண்டும்போலிருக்கிறது.

1938இல் ஆஸ்திரேலியக் கிரிக்கெட் அணி இங்கிலாந்துக்குப் போனபோது சிட்னி வானொலி நிலையத்தில் நடந்த வேலை இது. சிற்றலையை முழுக்க நம்ப முடியாத காலம். ஆகவே மைதானத்திலிருந்து ஓவருக்கு ஓவர் தந்தி வரும், ஏகச் சுருக்கமாக. ஒருவர் அதை விரித்து எழுதித் தருவார். ஆலன் மெக்கில்வ்ரே போன்ற வர்ணனையாளர்கள் அந்தத் தாளைப் பார்த்து, எல்லாம் கண்ணெதிரே நடப்பதுபோலப் பேசுவார்கள். பந்து வீசப்பட்டதும் பென்சிலால் மரத்துண்டில் ஒரு தட்டு. உடனே இன்னொருவர் கைதட்டல் பதிவான இசைத்தட்டைச் சுழலவிடுவார். தந்தியை வைத்துத்தான் பேசுகிறார்கள் என்பது கேட்டவர்களுக்கும் தெரிந்த ரகசியம். தெரிந்தும் ராத்திரி முழுக்க விழித்திருந்து கேட்டார்கள்.

அந்த ஆண்டு ஓவல் மைதானத்தில்தான் லென் ஹட்டன் 364 ஓட்டங்கள் எடுத்தார். 13 மணி நேரத்துக்கும் மேலாக ஆடினார். 903க்கு ஏழு விக்கெட் என்ற நிலையில்தான் இங்கிலாந்துக்கு மனசு வந்து இன்னிங்ஸை முடித்துக்கொண்டது. பந்து பொறுக்கிய ஆஸ்திரேலியர்களைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். எனக்கு அந்தப் பென்சில்மேல்தான் இரக்கம்.

தந்தி தாமதமானால் என்ன செய்வது? அமெரிக்காவில் இதே மாதிரி தந்தியை வைத்து பேஸ்பால் வர்ணனை செய்தவர்களில் ரொனால்ட் ரீகனும் ஒருவர். ஆட்டம் சிகாகோவில், அவர் இருந்ததோ அயோவா மாநிலத்து வானொலி நிலையத்தில். ஒருநாள் நடுவில் தந்திக் கம்பி செத்துப்போயிற்று. கம்பி அறுந்துவிட்டது என்று சொன்னால் கேட்பவர்கள் வேறு நிலையத்துக்குத் திருப்பிவிடுவார்கள். ரீகன் அசரவில்லை. ஆட்டக்காரரை ஃபவுல் அடிக்க வைத்தார். பேஸ்பாலில் பக்கக் கோட்டுக்கு வெளியே போகும் ஃபவுலை எத்தனை அடித்தாலும் ஓட்டக் கணக்கு மாறாது. ஆட்டக்காரர் அங்கேயே நிற்கலாம். ஒன்று வலப்பக்கம் போனது, இன்னொன்று கூட்டத்துக்குள் விழுந்தது என்று நிமிஷக்கணக்கில் ஓட்டினார். கடைசியில் தந்திக்கு உயிர் வந்தது. வந்த செய்தி: அந்த ஆட்டக்காரர் முதல் பந்திலேயே அவுட். ஜனாதிபதியான பிறகும் அவர் சொல்லிச் சொல்லிச் சிரித்த கதை இது. கதை கொஞ்சம் வளர்ந்திருக்கலாம். வர்ணனையாளர் சொன்ன கதை வேறென்ன செய்யும்?

கிரிக்கெட்டில் இந்த வழி அடைபட்டது. ஓவருக்கு ஆறு பந்துதான். ஏழாவதைக் கற்பனை செய்தால் மாட்டிக்கொள்வோம். அதனால் பந்துகளுக்கு நடுவில் இருக்கும் நேரத்தைத்தான் இழுக்க வேண்டும். பந்து வீச்சாளர் ஷூ கயிற்றைக் கட்டுகிறார். கேப்டன் ஃபீல்டரைப் பத்தடி நகர்த்துகிறார், பிறகு மனசு மாறிப் பழைய இடத்துக்கே அனுப்புகிறார். மேகம் வருகிறது, போகிறது. வானொலி வர்ணனையின் உயிரே இந்த இடைவெளி நேரத்தில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். பந்து காற்றில் இருப்பது ஒரு கண நேரம். மிச்சமெல்லாம் பேச்சு.

நம் சென்னை வானொலி தமிழில் நேர்முக வர்ணனை தந்தபோது மைக்கின் முன் வந்து உட்கார்ந்தவர்களைப் பாருங்கள். கூத்தபிரான் நாடகக்காரர், குழந்தைகளுக்கு வானொலி அண்ணா. சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் இலங்கை வானொலி நாடகங்களில் பழகிய குரல். மைதானத்தில் உட்கார்ந்துதான் பேசினார்கள், பென்சில் தேவைப்படவில்லை. ஆனாலும் இடைவெளி நேரத்தை என்ன செய்வது என்று நாடகக்காரருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

நாங்குநேரியில் என் பெரியப்பா அப்துல் ஜப்பாரின் பரம ரசிகர். “நம்ம பக்கத்து ஆளு” என்பதில் பாதி மயக்கம். திண்ணையில் சாக்கட்டியால் வட்டம் வரைந்து, பத்துப் புளியங்கொட்டையை வைத்துக்கொண்டு டிரான்ஸிஸ்டரின் பக்கத்தில் உட்காருவார். ஃபீல்டர் மாறினால் கொட்டையும் மாறும். விக்கெட் கீப்பர் மட்டும் வேப்பங்கொட்டை. கேட்டால், “அவன் வேற ஜாதில்லா, கையில உறை போட்டிருக்கான்” என்பார். ஸ்லிப் எந்தப் பக்கம் என்பதில் அவருக்கும் தபால்காரருக்கும் தீராத வழக்கு இருந்தது. தபால்காரர் சொன்னதுதான் சரி. ஆனால் திண்ணை பெரியப்பாவுடையது.

பிற்பாடு அவரைச் சேப்பாக்கத்துக்கு அழைத்துப்போனேன். முதல் முறையாக மைதானத்தைப் பார்க்கிறார். அரை மணி நேரம் பொறுத்தார். பிறகு என் தோளைத் தட்டி, “என்னல இது, பந்து எங்க போச்சுன்னு ஒருத்தனும் சொல்ல மாட்டேங்கான்?” என்றார். நல்லவேளை, முன்வரிசையில் ஒருவர் டிரான்ஸிஸ்டர் வைத்திருந்தார். மதியத்துக்குள் பெரியப்பா அவர் பக்கத்தில் இடம்பிடித்துவிட்டார்.

இப்போது தொலைக்காட்சியில் சொல்கிறார்கள், சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். அந்தக்காலத்துப் பம்பாயில் பாபி தல்யார்கான் வானொலியில் நாள் முழுக்க ஒற்றை ஆளாகப் பேசுவார். மைக்கை இன்னொருவரோடு பங்குபோடச் சொன்னபோது வேலையையே விட்டுவிட்டார். இன்று மூன்று பேர் சேர்ந்து, நாம் பார்த்துக்கொண்டிருப்பதையே நமக்குச் சொல்கிறார்கள். போதாததற்கு, தமிழ் வர்ணனையாளர்கள் பல நேரம் மைதானத்திலேயே இருப்பதில்லை. எங்கோ ஸ்டூடியோவில் திரையைப் பார்த்துத்தான் பேசுகிறார்கள். சிட்னிக்காரர்களுக்கு ஒரு தாள்தான் இருந்தது, அதிலிருந்து மைதானத்தையே கட்டி எழுப்பினார்கள். இவர்களிடம் படமே இருக்கிறது, ஆகவே சினிமா வசனம் பேசிப் பொழுதைக் கழிக்கிறார்கள்.

செல்போனில் பார்த்தால் இன்னொரு வேடிக்கை. படம் நம்மிடம் வந்து சேரச் சில வினாடிகள் பிந்துகிறது. என் போனில் பந்து வீச்சாளர் ஓடிவர ஆரம்பிக்கும்போதே எதிர்வீட்டுப் பையன் “அவுட்” என்று கத்திவிடுகிறான். அவனுக்கு நல்ல இணைப்பு. பரீட்சை இருக்கிறதே என்று அவன் அம்மாவிடம் ஜாடையாகச் சொல்லிப் பார்த்தேன். பரீட்சை முடிந்துவிட்டதாம்.