வெள்ளி எருமையும் பேர் தெரியாத பையனும்

அமெரிக்கச் சாரணர் இயக்கத்துல பசங்களுக்காகச் சம்பளமில்லாம உழைக்கிற பெரியவங்களுக்குத் தர்ற விருதுகளோட பேரே தமாஷா இருக்கும். வெள்ளி பீவர், வெள்ளி எருமை... (காட்டெருமைங்க, நம்ம ஊர் எருமை இல்ல!)

எருமை தேசிய அளவுல தர்றது. 1926ல முதல் விருது இயக்கத்தையே ஆரம்பிச்ச பேடன் பவலுக்கு. ரெண்டாவது யாருக்குனு நினைக்கிறீங்க? ஒரு பொடியனுக்கு! 1909ல லண்டன்ல வழி தெரியாம நின்ன வில்லியம் பாய்ஸ்ங்கிற அமெரிக்கப் பதிப்பாளருக்கு வழிகாட்டிட்டு, கொடுத்த காசை வேணாம்னுட்டுப் போன சாரணப் பையன்னு கதை. அடுத்த வருஷமே பாய்ஸ் அமெரிக்காவுல இயக்கத்தைத் தொடங்கிட்டார். பையன் பேரு மட்டும் தெரியவே இல்ல. அதனால லண்டன் பக்கத்துல கில்வெல் பார்க்ல அவனுக்காக ஒரு எருமைச் சிலை நிக்குது.

அதே பட்டியல்ல அப்புறம் ஜனாதிபதிகளும் வந்தாங்க. எனக்கென்னவோ 1931ல வந்த பீவர் மேலதான் மரியாதை ஜாஸ்தி. அது உள்ளூர்க்காரங்களுக்கு. மழையில நனைஞ்ச கூடாரத்தைக் காயவெச்சு மடிக்கிற ஆளுக்கும் கிடைக்கலாம். தனக்குத்தானே மனு போட முடியாது. வேற யாராவது, அவருக்குத் தெரியாம, பரிந்துரை எழுதணும். அப்படி ஒருத்தர் உக்காந்து எழுதணுமே, அங்கதான் சிக்கல்.