கீழே இருப்பவர்கள்

டேவிட் டூஹியின் 'பிலோ' (2002) படத்தை ராத்திரி ரெண்டு மணிக்குப் பார்த்து முடித்தேன். 1943, அட்லாண்டிக், அமெரிக்க நீர்மூழ்கி ஒன்று. பேய் அதிகம் வருவதில்லை. பிரிட்டிஷ் மருத்துவக் கப்பலைத் தெரியாமல் மூழ்கடித்துவிட்டு, அதை மறைக்க அதிகாரிகள் செய்வதுதான் திகில். என் தூக்கத்தைக் கெடுத்தது அதுவும் இல்லை, 'காஸி' ஞாபகம்.

2017இல் அந்தப் படத்தில் பாகிஸ்தான் நீர்மூழ்கி வெடித்ததும் தியேட்டரே விசிலடித்தது. நானும்தான்.

நிஜ காஸி, விக்ராந்தைத் தேடி 1971 நவம்பரில் கராச்சியிலிருந்து கிளம்பி நம்ம பக்கத்துக் கடலுக்கு வந்தது. டிசம்பர் 3-4 நள்ளிரவில் விசாகப்பட்டினத்துக்கு வெளியே மூழ்கியது. ஐஎன்எஸ் ராஜ்புத் போட்ட வெடிகள் என்கிறது நம் கடற்படை. விபத்து என்கிறது பாகிஸ்தான். எதுவானாலும் உள்ளே தொண்ணூறு பேருக்கு மேல். ஒருவரும் பிழைக்கவில்லை. கப்பல் இன்றும் அங்கேதான் கிடக்கிறது.

காசிமேட்டில் கடலுக்குப் போன சின்ன தாத்தா திரும்பி வரவில்லை. உடம்பும் ஒதுங்கவில்லை. சின்னாயா கடைசிவரை பொட்டை அழிக்கவே இல்லை. ராத்திரி சட்டியில் கொஞ்சம் சோறு மிச்சம் வைப்பார். சின்ன வயசில் எனக்கு அந்தச் சட்டியைப் பார்த்தாலே பயம். தண்ணி சொட்ட யாரோ வந்து உட்காரப்போகிற மாதிரி.

படம் பார்த்துவிட்டு வந்த அன்றைக்கு ஆயாவிடம் காஸி கதையைச் சொன்னேன், வெடிக்கிற இடத்தைக் கையை விரித்துக் காட்டி. மீன் ஆய்ந்துகொண்டே கேட்டவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அவுங்கவுங்க வூட்டுக்கு யாராச்சும் போய் சொன்னாங்களாடா?"