எண்ணிச் சுற்று

ஆங்கிலக் கால்வாயின் அடித்தரை பெரும்பகுதி மணலும் சரளையும்தான். சசெக்ஸ் கரையை விட்டுத் தெற்கே போனால் மைல் கணக்கில் ஒரே மட்டமாகக் கிடக்கிறது. மீன் ஒதுங்க மறைவே இல்லாத அந்த வெறுந்தரையில் இரண்டு உலகப் போர்களும் நூற்றுக்கணக்கான கப்பல்களைக் கொண்டுபோய்க் கிடத்தின. மூழ்கிய இரும்பின்மேல் கடல் அனிமோன்களும் மென்பவளங்களும் படர்ந்தன. அந்தப் படர்ப்புக்குள் நண்டும் இறாலும் குடியேறின. அவற்றைத் தின்னச் சிறுமீன் வந்தது, சிறுமீனைத் தின்னப் பெருமீன் வந்தது. இன்றைக்குக் கப்பல் கிடக்கும் இடமெல்லாம் மீன் கிடக்கும் இடம். அதன்மேல் படகைக் கொண்டுபோய்த் தூண்டில் இறக்குவதை இங்கே ‘ரெக் ஃபிஷிங்’ என்கிறார்கள். நான் அதைக் கற்றுக்கொண்டிருக்கும் மாணவன். கற்றவரைக்கும் சொல்கிறேன்.

எனக்குக் குருவாக வாய்த்தவர் குராய்டனில் என் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கும் ஓர் அண்ணன். வடமராட்சிக்காரர். அவருடைய தகப்பனும் பாட்டனும் பருத்தித்துறைக் கடலில் தொழில் செய்தவர்கள். லண்டனுக்கு வந்து, வேலை, பிள்ளைகள், வீட்டுக்கடன் என்று ஆண்டுகள் ஓடிய பிறகும் அவருக்குக் கடல் வேண்டியிருந்தது. சசெக்ஸ் கரையின் நியூஹேவனிலிருந்து கிளம்பும் வாடகைப் படகுகளில் போகத் தொடங்கினார். பிறகு எங்களையும் சேர்த்துக்கொண்டார். நானும், தூத்துக்குடியில் கைத்தூண்டில் போட்டு வளர்ந்த என் நண்பனும், அவனுடன் வேலை பார்க்கும் ஒரு மலையாளியும் இப்போது அவருடைய கூட்டம்.

முதல் பாடம் நாட்காட்டியில்தான் தொடங்கியது. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் ஓதம் பெரிது. கால்வாயில் நீரோட்டம் வலுத்துவிடும். தூண்டிலின் ஈயம் தரையைத் தொட்டு நிற்காது, கண்மூடித் திறப்பதற்குள் படகு கப்பலைத் தாண்டிவிடும். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் ஓட்டம் தணிகிறது. அந்த நாட்களில் ஒன்று விடுமுறையில் விழ வேண்டும். காற்று போஃபோர்ட் அளவில் நான்கைத் தாண்டாதென்று வானிலை அறிக்கை சொல்ல வேண்டும். இவை எல்லாம் கூடிவந்தால்தான் பயணம். “தம்பி, போற நாளைச் சந்திரன்தான் சொல்லும். எங்கட லீவைப் பாத்துக் கடல் மாறாது” என்பார் அண்ணன். பதிவுசெய்த நாளுக்கு முந்தைய இரவு படகோட்டும் ஸ்கிப்பர் அழைத்து வேண்டாம் என்றால், மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்வதும் அந்தப் பாடத்தில் சேர்ந்தது.

அன்றைக்கு எல்லாம் கூடிவந்தது. விடியுமுன்னே ஏ23 வழியாகக் கிளம்பி, வெளிச்சம் வரும்போது துறைமுகத்தில் இருந்தோம். இவ்வகைப் படகுகளில் பன்னிரண்டு பேருக்கு மேல் ஏற்ற அனுமதியில்லை. எங்களோடு ஏறிய மற்றவர்களில் பாதிப்பேர் தலைநரைத்த ஆங்கிலேயர்கள், தங்கள் இடத்தைப் பிடித்துக்கொண்டு பேச்சில்லாமல் தூண்டிலைக் கோத்தார்கள். படகு முகத்துவாரத்தைத் தாண்டியதும் கிழக்கே செவன் சிஸ்டர்ஸ் சுண்ணாம்புப் பாறைகள் வெள்ளையாக எழுந்தன. மேற்கே ராம்பியன் காற்றாலைகள் வரிசையாகத் தெரிந்தன. கடலின் நடுப்பகுதிக்குப் போக இரண்டு மணி நேரம். அண்ணன் வீட்டு ரொட்டியும் சம்பலும் அந்நேரத்தில் தீர்ந்தன.

போகிற வழியில் தூண்டில் கட்டுவதைப் பார்த்தும் கேட்டும் படித்தேன். நூல், பின்னல் நூலாக இருக்க வேண்டும். நைலான் நரம்பு ரப்பர் மாதிரி இழுபடும், ஐம்பது மீட்டர் ஆழத்தில் நடப்பது கைக்கு வந்து சேராது. பின்னல் நூல் இழுபடாது. நூலின் முனையில் ஒரு மெல்லிய குழாய்க் கம்பி, அதன் ஒரு பக்கம் இருநூறு கிராம் அளவில் ஈயம். மறுபக்கம் மூன்று நான்கு மீட்டர் நீளத்துக்குக் கண்ணாடி நிற நரம்பு, அதன் கடைசியில் முள்ளும் ரப்பர் மீனும். கார்ன்வாலில் உருவான ‘ரெட்கில்’ என்ற ரப்பர் விலாங்கு இந்த வகையில் புகழ்பெற்றது. வாலை ஓட்டமே ஆட்டும், கை ஆட்ட வேண்டாம். நரம்பு நீளமாக இருக்கும் காரணத்தையும் அண்ணன் சொன்னார். ஈயமும் கம்பியும் முதலில் போகும், இரை வெகு பின்னால் தனியாக நீந்தும். மீனின் கண்ணுக்கு அந்த இரை மட்டும் தெரிந்தால் போதும். ஈயத்தை வேகமாக இறக்கினால் அந்த நீள நரம்பு நூலோடு சுற்றிக்கொள்ளும். அதனால் ரீலின்மேல் பெருவிரலை லேசாக வைத்துத் தடுத்துத் தடுத்தே இறக்கவேண்டும்.

ஸ்கிப்பர் எந்தக் கப்பலுக்குப் போகிறோம் என்று சொல்லவில்லை. முதல் உலகப்போரில் மூழ்கிய ஒரு சரக்குக் கப்பல் என்பதோடு நிறுத்திக்கொண்டார். இடக்குறிப்புகள் இந்தத் தொழிலில் சொத்து, கேட்பது நாகரிகமில்லை. முன்பு டெக்கா என்ற வானொலிச் சங்கிலியை வைத்து இடம் கண்டார்கள். 2000-இல் அது பிரிட்டனில் நிறுத்தப்பட்டது. இப்போது ஜிபிஎஸ் இருக்கிறது. கரையோரக் கப்பல்களுக்கு டெக்காவுக்கும் முன்னே, தேவாலயக் கூம்பையும் ஒரு பாறை முனையையும் ஒரே கோட்டில் நிறுத்தி, வேறொரு கோட்டோடு வெட்டவைத்து இடம் பிடித்தார்கள். அண்ணனின் பாட்டன் கோயில் கோபுரத்தையும் பனங்கூடலையும் வைத்து அதையே செய்திருக்கிறார். நியூஹேவனின் முதிய படகுக்காரர் ஒருவரும் அண்ணனும் இதைப் பேச ஆரம்பித்தால் அவர்களை ஊர்க்காரர்கள் என்றே நினைக்கத் தோன்றும்.

இந்தப் பரப்பில் பெயர்பெற்ற கப்பல் மோல்டேவியா. பி அண்ட் ஓ நிறுவனம் 1903-இல் ஆஸ்திரேலியத் தடத்தில் விட்ட பயணிக் கப்பல் அது. அந்தத் தடம் கொழும்பைத் தொட்டுப் போனது. போரின்போது பீரங்கி பூட்டினார்கள். 1918 மே 23 அன்று அமெரிக்கப் படைவீரர்களை ஏற்றி வருகையில் யூபி-57 என்ற ஜெர்மன் நீர்மூழ்கியின் டார்பிடோ தாக்கியது. 56 வீரர்கள் இறந்தார்கள். இதை எங்களுக்குச் சொன்ன கையோடு அண்ணன், “கீழ ஆக்கள் செத்த இடமடா தம்பிமார். ஒரு குப்பையும் கடல்ல போடக்கூடாது” என்றார். வெட்டி எறியும் நூல் துண்டுகளுக்கென்றே ஒரு டப்பாவை அவர் கையோடு கொண்டுவருகிறார்.

இடத்தை நெருங்கியதும் ஸ்கிப்பர் வேகத்தைக் குறைத்தார். மீன்காட்டியின் திரையில் மட்டமாக ஓடிக்கொண்டிருந்த தரைக்கோடு திடீரென்று செங்குத்தாக எழுந்து, சற்றுத் தூரம் போய், மறுபடி மட்டத்துக்கு இறங்கியது. அந்த மேட்டுக்கு மேலே புள்ளி புள்ளியாக ஒரு மேகம். அதுதான் நாங்கள் தேடிவந்த பொல்லாக் மீன் கூட்டம். திரையைப் படிக்கவும் ஸ்கிப்பர் கற்றுத்தந்தார். கப்பல் ஓட்டத்துக்குக் குறுக்கே கிடந்தால் நீர் அதன் பக்கத்தில் மோதி மேலே எழும்பும். பொல்லாக் ஓட்டத்தை எதிர்நோக்கி, கப்பலுக்கு முன்பக்கம் சற்று உயரத்தில் நிற்கும். அடித்துவரப்படும் சிறுமீனுக்கு அங்கே காத்திருக்கும். உள்ளே ஓட்டைகளில் காங்கர் விலாங்கும் லிங் மீனும் குடியிருக்கும். கப்பலின் அடியில் ஓட்டம் மணலைத் தோண்டிய குழிகளில் காட் மீன் படுத்திருக்கும். ஒரே கப்பலில் மாடிக்கு மாடி வேறு வேறு குடித்தனம். எந்த மீன் வேண்டும் என்பதைப் பொறுத்து எந்த மாடிக்கு இரையை அனுப்புவது என்று முடிவாகிறது.

படகை ஓட்டத்தின் மேற்பக்கம் கொண்டுபோய் எஞ்சினை அடக்கினார். இனி நீரே படகைக் கப்பலின்மேல் தள்ளிக்கொண்டு போகும். ஒரு தடவை கடக்கச் சில நிமிடங்கள் ஆகும். மணி அடித்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் இறக்க வேண்டும். அடுத்த மணிக்கு எல்லோரும் ஏற்ற வேண்டும்.

என் ஈயம் தரையைத் தொட்டது. நூல் தளர்ந்ததைக் கண் பார்க்குமுன் விரல் சொன்னது. “தொட்ட உடன எழுப்பு. இப்ப எண்ணு. எண்ணிக்கொண்டு சுத்து” என்றார் அண்ணன். இந்த வித்தையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. தண்ணீருக்குள் எதுவும் தெரியாது. ரீலைச் சுற்றும் எண்ணிக்கை ஒன்றே நம் அளவுகோல். என் ரீலில் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய முக்கால் மீட்டர் நூல் ஏறும். பன்னிரண்டாம் சுற்றில் மீன் தட்டினால், தரையிலிருந்து ஒன்பது மீட்டர் உயரத்தில் கூட்டம் நிற்கிறது என்று பொருள். உடனே அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பக்கத்தில் நிற்பவர் அந்த உயரத்தில் கவனமாக இருப்பார். ஓட்டம் மாறும்போது மீனும் உயரத்தை மாற்றும். மறுபடி யாராவது கண்டுபிடித்துச் சொல்வார்கள். கடலில் ஆளுக்கொரு தூண்டில், ஆனால் கணக்கு எல்லோருக்கும் பொது.

ஒரே சீராகச் சுற்றிக்கொண்டு போகையில் நூலில் ஒரு மெல்லிய தட்டல் வந்தது. பிறகு இன்னொன்று. ஊரில் தூண்டில் போட்ட எந்தக் கையும் அந்த இடத்தில் வெட்டி இழுக்கவே துடிக்கும். என் தூத்துக்குடி நண்பனின் கைத்தூண்டில் பழக்கம் முழுக்க அந்தச் சுண்டலில்தான் இருந்தது. இங்கே அது கூடாது. பொல்லாக்கின் கீழ்த்தாடை மேல்தாடையைவிட நீண்டது. கண் பெரிது. கீழேயிருந்து மேலே பார்த்து, எழும்பிப்போகும் இரையைத் துரத்தி, முதலில் வாலைக் கவ்விப் பார்க்கும். அப்போது இரை நின்றாலோ துள்ளினாலோ விட்டுவிடும். அதே வேகத்தில் தப்பிப்போனால்தான் முழுசாகக் கவ்வும். “நிப்பாட்டாதை, வேகத்தைக் கூட்டாதை, அப்பிடியே சுத்து” என்று பக்கத்திலிருந்து குரல் வந்துகொண்டேயிருந்தது. நாடி பிடித்துப் பார்க்கும் வைத்தியர் துடிப்பு மாறினாலும் விரலை அழுத்தாததுபோல, தட்டல் வந்தும் கை மாறாமல் இருக்க வேண்டும். பதினான்கு, பதினைந்து, பதினாறு. கம்பு நுனியிலிருந்து வளைந்து நீரைத் தொட்டது.

கவ்வியதும் பொல்லாக் தலைகீழாகக் கப்பலை நோக்கிப் பாயும். அந்த முதல் பாய்ச்சல்தான் பெரிது. ரீலின் டிராக் என்ற தடையைக் கரையிலேயே சரியாக வைத்திருக்க வேண்டும். இறுக்கமானால் நூல் அறும், தளர்ந்தால் மீன் இரும்புக்குள் புகுந்துவிடும். நூல் ரீலிலிருந்து முனகிக்கொண்டு ஓடியது. நான் கம்பை உயர்த்திப் பிடித்து நின்றேன். மீனின் ஓட்டம் நின்றதும் கம்பைத் தூக்கி, இறக்கும்போது சுற்றி, மறுபடி தூக்கி, கொஞ்சம் கொஞ்சமாக மேலே கொண்டுவந்தேன். பாதி வழிக்கு மேல் அதன் இழுப்பு தளர்ந்தது. நீருக்குள் முதலில் ஒரு பொன்னிற மினுக்கம், பிறகு பச்சையும் வெண்கலமும் கலந்த முதுகு. ஸ்கிப்பர் வலையில் அள்ளினார். அந்த நிறத்தை மீன்கடைப் பனிக்கட்டியில் பார்க்க முடியாது.

கப்பலில் தூண்டில் மாட்டுவதும் இந்தத் தொழிலின் பகுதி. மாட்டினால் பின்னல் நூலைக் கையில் சுற்றி இழுக்கவே கூடாது, விரலை அறுத்துவிடும். படகில் அதற்கென்று ஒரு மரக்கட்டை இருக்கிறது. நூலை அதில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டால் படகே இழுத்து அறுக்கும். முள்ளை ஈயத்தோடு இணைக்கும் நரம்பு முதன்மை நூலைவிட வலுக் குறைந்ததாக இருக்கவேண்டும் என்பதும் இதற்காகத்தான். அறுந்தால் முள்ளுக்குப் பக்கத்தில் அறும், நீள நூல் கப்பலில் சிக்கிக் கிடக்காது.

இனி எனக்கு இந்தக் கலையில் முக்கியமாகப் படுவதைச் சொல்ல வேண்டும். பொல்லாக்கின் வயிற்றுக்குள் ஒரு காற்றுப்பை உண்டு. ஐம்பது மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப்போல் ஆறு மடங்கு. மீனை மேலே கொண்டுவரும்போது அந்தக் காற்று விரிகிறது. பொல்லாக் அதை வேகமாக வெளியேற்ற முடியாது. பை விரிந்து உள்ளுறுப்புகளை நெரிக்கிறது. திருப்பி விட்டாலும் பெரும்பாலும் கீழே போக முடியாமல் மிதக்கும். குளத்திலோ ஆற்றிலோ பிடித்து விட்டுவிடுவதுபோல இங்கே செய்ய இயலாது. ஆகவே ஆழமான கப்பல்மேல் ‘பிடித்துப் பார்த்துவிட்டு விடுகிறேன்’ என்பது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது. காங்கர் விலாங்கு அப்படியில்லை. அதைப் படகுக்குப் பக்கத்திலேயே முள்ளை எடுத்து விட்டால் திரும்பிப் போய்விடும். அறுபது கிலோ எடையுள்ள காங்கரை 1995-இல் டெவன் கரையில் பிடித்திருக்கிறார்கள். இன்று காங்கர் பிடிப்பவர்கள் பெரும்பாலும் அதை விட்டுவிடுகிறார்கள்.

பொல்லாக்கின் நிலையும் நன்றாக இல்லை. ஐசிஈஎஸ் என்ற பன்னாட்டுக் கடலாய்வு அமைப்பு, ஆங்கிலக் கால்வாய் உள்ளிட்ட மேற்குக் கடல்களில் 2024-ஆம் ஆண்டுக்குப் பொல்லாக்கைப் பிடிக்கவே வேண்டாம் என்று பரிந்துரைத்தது. வணிகப் படகுகளுக்கு அதைக் குறிவைத்துப் பிடிப்பது நிறுத்தப்பட்டு, வேறு மீனோடு தற்செயலாக அகப்படுவதற்கு மட்டும் சிறு அளவு ஒதுக்கினார்கள். பொழுதுபோக்காகப் போகும் எங்களைப் போன்றவர்களும் பிடிபடும் மீனின் கணக்கில் இருக்கிறோம். ஒரு படகுக்குப் பன்னிரண்டு தூண்டில், ஒரு துறைமுகத்தில் பல படகுகள் என்று பார்த்தால் அது சின்னக் கணக்கில்லை.

இதனால் எங்கள் கூட்டம் ஒரு முறை வைத்திருக்கிறது. வீட்டுக்கு எவ்வளவு வேண்டும் என்பதைத் துறைமுகத்திலேயே பேசி முடிவுசெய்கிறோம். அன்றைக்கு ஆளுக்கு இரண்டு. யார் இரண்டாவதை ஏற்றினாலும் அவர் பொல்லாக்கைத் தேடுவதை விட்டு, கானாங்கெளுத்தித் துண்டைக் கோத்துத் தரையோடு காங்கருக்குப் போடலாம். அல்லது மற்றவருக்கு எண்ணிக்கையைச் சொல்லிக்கொண்டு நிற்கலாம். மதியத்துக்குள் எனக்கு இரண்டும் வந்துவிட்டன. திரையில் மேகம் இன்னும் அப்படியே நின்றது. மணி அடித்தபோது கை தானாகவே ரீலுக்குப் போனது. அண்ணன் எதுவும் சொல்லவில்லை. நான் ரப்பர் மீனைக் கழற்றிப் பெட்டியில் வைத்தேன்.

பிடித்த மீனை அங்கேயே கொன்று, செவுளை அறுத்து இரத்தத்தை வடித்து, பனிக்கட்டியில் வைப்பதும் பாடம்தான். நன்றாக வைத்த பொல்லாக் வெள்ளை வெளேரென்று அடுக்கடுக்காகப் பிரியும். புளியைக் குறைத்துத் தேங்காய்ப்பால் விட்ட குழம்புக்கு அது ஏற்றது. அதை விற்கச் சட்டமும் இடம் தராது, எங்களுக்கும் மனம் வராது.

லண்டனில் வளரும் நம் பிள்ளைகள் இந்தக் கடலுக்கு வரவேண்டும் என்பது என் ஆசை. நாள் பார்க்கவும், திரையைப் படிக்கவும், விரலால் தரையை அறியவும், தட்டல் வந்தும் கை பதறாமல் சுற்றவும் அவர்கள் கற்கலாம். அதைக் கற்றுத்தருபவர்கள் இன்னும் துறைமுகத்தில் இருக்கிறார்கள். ஆனால் எத்தனை மீன் போதும் என்று கரையிலேயே சொல்லிவிட்டுத்தான் படகில் ஏற வேண்டும். கடலுக்குள் போனபின் திரையைப் பார்த்து எடுக்கும் எந்த முடிவும் மீனுக்குச் சாதகமாக இருப்பதில்லை. என்னிடம் யாராவது கற்க வந்தால், நான் தூண்டில் கட்டக் காட்டித்தருவதற்கு முன்னே அதைத்தான் கேட்பேன்.