இரண்டாயிரம் ரூபாய் எங்கே நின்றது?

பி.எம். கிசான் தவணை விடுவிக்கப்பட்ட மறுநாள், எங்கள் வேளாண்மை விரிவாக்க மையத்துக்கு விதை வாங்க வருபவர்களைவிட பாஸ்புக்கோடு வருபவர்கள்தான் அதிகம். "பக்கத்துக் கொல்லைக்காரருக்கு வந்துடுச்சு, எனக்கு மட்டும் வரலை சார்" என்றுதான் பேச்சு தொடங்கும். இந்த இதழுக்கு வரும் கேள்விகளிலும் இதைப் பார்க்கிறேன். வருடத்துக்கு 6,000 ரூபாய், நான்கு மாதத்துக்கு ஒருமுறை 2,000 என்பது பட்டணத்தில் சின்னத் தொகையாக இருக்கலாம். அரை ஏக்கர் கடலைக்காரருக்கு அது களை எடுக்கும் கூலி.

இலை மஞ்சளானவுடன் யூரியா மூட்டையைப் பிரிக்காதீர்கள் என்று சொல்வோம் அல்லவா, இதுவும் அப்படித்தான். பணம் எங்கே நிற்கிறது என்று பார்க்காமல் வங்கிக்கும் தாலுகா ஆபீஸுக்கும் பஸ் ஏறுவது வீண். திட்டத்தின் இணையதளத்தில் உங்கள் பதிவு எண்ணைப் போட்டால் மூன்று விஷயங்கள் தெரியும்: நில ஆவணம் சேர்ந்திருக்கிறதா, இ-கே.ஒய்.சி. முடிந்ததா, வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா. பதிவு எண் மறந்திருந்தால் ஆதார் அல்லது செல்போன் எண்ணை வைத்தே எடுக்கலாம். வீட்டில் படிக்கும் பிள்ளை இருந்தால் ஐந்து நிமிட வேலை. இல்லாவிட்டால் இ-சேவை மையத்திலோ எங்களிடமோ வந்து பாருங்கள். அந்தப் பக்கத்தை அப்படியே பிரிண்ட் எடுத்துக்கொள்ளுங்கள். அது கையில் இருந்தால் எந்த அலுவலகத்திலும் "எங்களுக்குத் தெரியாது" என்று எளிதில் சொல்லிவிட முடியாது.

என் அனுபவத்தில் அதிகம் குழப்புவது வங்கிதான். அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா, மூன்று தவணை வரவில்லை, யாரோ தின்றுவிட்டார்கள் என்று சத்தம் போட்டுக்கொண்டே வந்தார். பார்த்தால், மூன்றுமே செலுத்தப்பட்டதாகக் காட்டியது. "இடையில் வேறு எங்கேயாவது கணக்கு ஆரம்பிச்சீங்களாம்மா?" என்றேன். யோசித்து, "குழு லோனுக்கு ஒண்ணு ஆரம்பிச்சேன் தம்பி" என்றார். 6,000 ரூபாயும் அங்கே அப்படியே கிடந்தது. ஆதார் வழியாக வரும் அரசுப் பணம், நீங்கள் கடைசியாக எந்தக் கணக்குக்கு ஒப்புதல் கொடுத்து இணைத்தீர்களோ அங்கேதான் போகும். பழைய பாஸ்புக்கை எத்தனை முறை பதிந்தாலும் தெரியாது.

இன்னொன்று. வங்கியில் "ஆதார் லிங்க் ஆயிடுச்சு" என்பார்கள். கணக்கில் ஆதார் எண்ணைப் பதிவது வேறு, அரசு மானியம் இந்தக் கணக்குக்கு வரட்டும் என்று என்.பி.சி.ஐ. பதிவில் ஏற்றுவது வேறு. "டி.பி.டி. வர்ற மாதிரி ஏத்திட்டீங்களா?" என்று கேட்டு, ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வாருங்கள். அது இழுபறியானால் தபால்காரரிடம் சொல்லி அஞ்சலக வங்கிக் கணக்கு தொடங்குவது சுலபமான வழி.

இ-கே.ஒய்.சி.க்குக் கைரேகை விழவில்லை என்று திரும்பி வருபவர்கள் பலர். கரும்பு வெட்டியும் களை பிடுங்கியும் தேய்ந்த விரலில் ரேகையை எங்கே தேடுவது! 2023 முதல் செல்போன் செயலியில் முகத்தைக் காட்டியே முடிக்கலாம். ஆதாரில் செல்போன் எண் சேர்ந்திருந்தால் ஓ.டி.பி. போதும்.

நில ஆவணச் சிக்கல்தான் நாள் பிடிக்கும். அப்பா பெயரில் பட்டா, அப்பா இறந்து பத்து வருடம், மகன் உழுகிறார் என்றால் கணினிக்கு அந்த மகன் நிலமில்லாதவர். 01.02.2019-க்குப் பிறகு வாங்கிய நிலத்துக்கு இத்திட்டத்தில் இடமில்லை. ஆனால் உரிமையாளர் இறந்து வாரிசுக்கு வந்த நிலத்துக்கு விலக்கு உண்டு. கணவரை இழந்த ஒருவர் போன வருடம் வந்தார். மகன்கள் இருவரும் திருப்பூரில். வாரிசுச் சான்றுக்கு ஒரு தடவை, பட்டா மாறுதலுக்கு இரண்டு தடவை அவர்கள் ஊருக்கு வர வேண்டியிருந்தது. முடிய எட்டு மாதம் ஆயிற்று. துக்க வீட்டில் சொல்லக்கூடிய பேச்சில்லை என்றாலும் சொல்கிறேன்: காரியம் முடிந்த கையோடு வாரிசுச் சான்றுக்கு மனுப் போடுங்கள். புதிதாகச் சேர்பவருக்குப் பெயர் ஏறிய தவணைக் காலத்திலிருந்துதான் பணம். தாமதித்த மாதங்கள் போனது போனதுதான். ஏற்கெனவே பதிவில் இருந்து, வேறு கோளாறால் நின்றவர்கள் கதை வேறு. அவர்கள் தகுதியுள்ளவர்களாக இருந்தால், கோளாறு சரியானதும் நின்ற தவணைகளைப் பெற உரிமை உண்டு என்பதே விதி. கேட்டு வாங்குங்கள்.

சிலருக்கு நியாயமாகவே வராது. கணவன், மனைவி, மைனர் பிள்ளைகள் சேர்ந்தது ஒரு குடும்பம்; அதில் ஒருவருக்குத்தான். கடைசி மதிப்பீட்டு ஆண்டில் வருமான வரி கட்டியவருக்கும் இல்லை. ஆனால் டிராக்டர் கடனுக்காகக் கணக்கு மட்டும் தாக்கல் செய்து, ஒரு ரூபாயும் வரி கட்டாதவர் பயப்பட வேண்டாம். விதியில் இருப்பது வரி கட்டியவர் என்றுதான். குத்தகைக்கு உழுபவர்கள் கேட்டால்தான் எனக்குச் சங்கடம். மண்ணில் நிற்பவர் அவர், பணம் பட்டாக்காரருக்கு. இதை மாற்ற வேண்டும் என்று பல காலமாகச் சொல்கிறோம்.

எல்லாம் சரியாக இருந்தும் வரவில்லை என்றால் 155261 என்ற உதவி எண்ணில் புகார் சொல்லலாம். அதோடு, கலெக்டர் ஆபீஸில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் எழுத்தில் மனுக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் "பி.எம். கிசான்" என்று பெயர் போட்டு வரும் ஃபைலை மட்டும் தொடாதீர்கள். எந்த அதிகாரியும் போனில் ஓ.டி.பி. கேட்க மாட்டார். யாராவது கேட்டு, நீங்களும் சொல்லிப் பணம் போய்விட்டால், வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே 1930-க்குப் போன் போடுங்கள்.