வில்லியனூருக்கு எப்போ வரும் ரிங்?

புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் பஸ் ஏறினால் சீக்கிரமே வில்லியனூர். திருக்காமீஸ்வரர் கோயில் தேர்தான் ஊருக்கு அடையாளம். பிரெஞ்சு ஆட்சியில் கவர்னர் வடம் பிடித்தார்; இப்போது துணைநிலை ஆளுநர் பிடிக்கிறார். அந்தத் தேர் வீதி டீக்கடையில் நான் சந்தித்த அண்ணனுக்கோ பேச்செல்லாம் ரெஸ்லிங்தான்.

டிரம்ப் கார்டில் தொடங்கிய பைத்தியம். 2023 செப்டம்பர் 8-ல் ஜான் சீனா ஹைதராபாத்தில் மோதியபோது டிக்கெட், ரயில், ரூம் என்று கணக்குப் போட்டுப் பார்த்து விட்டுவிட்டார். இப்போதைய ஆசை சின்னது. கிரேட் காளி 2015-ல் ஜலந்தரில் தொடங்கிய சி.டபிள்யூ.இ. மாதிரி ஒரு கம்பெனி இங்கேயோ பாகூரிலோ ரிங் போட வேண்டும்.

"யார் ஜெயிப்பாங்கன்னு முன்னாடியே பேசி வெச்சதுதானேண்ணே?"

"துரியோதனன் சாவான்னு தெரிஞ்சுதானே விடிய விடிய கூத்து பார்க்கிறோம்? விழுறவன் ஒழுங்கா விழணும், அவ்ளோதான்."

எட்டாவது படிக்கும் மகளுக்கு வேறு எதிர்பார்ப்பு. காளியிடம் பயிற்சி பெற்ற கவிதா தேவி, 2017-ல் சல்வார் கமீஸோடு டபிள்யூ.டபிள்யூ.இ. ரிங்கில் இறங்கிய வீடியோவை அப்பா போனில் அழியவிடாமல் வைத்திருக்கிறாள்.

"முதல் வரிசையில உக்காரலாம்மா" என்றார் அண்ணன்.

"லேடீஸ் மேட்ச் இல்லைன்னா நான் வரலைப்பா."