சாட்சியில்லா ஓசை

செவியிரைச்சலுக்குச் சாட்சி கிடையாது. காய்ச்சலைப் பிறர் தொட்டுப் பார்க்கலாம். இதைக் கேட்பவர் ஒருவரே.

செக் இசையமைப்பாளர் ஸ்மெதனா 1874இல் செவிப்புலனை இழந்தார். தம் காதில் கேட்ட கூரிய ஒலியை, 1876இல் இயற்றிய 'என் வாழ்விலிருந்து' என்னும் தந்தியிசைப் படைப்பின் இறுதிப் பகுதியில், வயலினின் நீண்ட உச்ச சுரமாக வைத்தார். தமக்கான சாட்சிகளை அவரே உண்டாக்கிக்கொண்டார் எனத் தோன்றும்.

எனக்கு அவ்வித்தை தெரியாது. சில்வண்டாய்த் தொடங்கிய ரீங்காரம் நள்ளிரவு வாசிப்பைக் குலைத்தபோது காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் சென்றேன். சோதனையில் உயர்சுருதி ஒலிகள் எனக்குக் கேட்கவில்லை என்று தெரிந்தது. உட்செவியின் நுண்மயிர்க்கலங்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. வராத ஒலியைத் தேடி மூளை தன் கூர்மையைக் கூட்டிக்கொள்வதே ரீங்காரமாகிறது என்பர். குறும்பி அடைப்பும் சில மருந்துகளும்கூடக் காரணமாகலாம். ஆக, இது நோயன்று, அறிகுறி.

ஒரு காதில் மட்டும் கேட்டாலோ, நாடித்துடிப்போடு ஒலித்தாலோ, தலைசுற்றல் சேர்ந்தாலோ, எண்ணெய் காய்ச்சி ஊற்றிக்கொண்டிராமல் மருத்துவரைப் பாருங்கள். திடீரெனக் காது கேளாமற்போனால் அன்றே செல்லுங்கள். நாள் கடந்தால் மீட்பது அரிது.

கேட்புக்கருவி அணிந்த பின்னும் ரீங்காரம் மறையவில்லை, பின்னுக்குப் போயிருக்கிறது. கடைசி வரிசை மாணவி தாழ்குரலில் கேட்கும் ஐயம் இப்போது முழுதாக வந்து சேர்கிறது. ஆசிரியனுக்கு அது போதும்.